சித்தப்பா கொடுத்த ஈரலோடு கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு

இந்த வலைப்பக்கத்தில் இதுவரை நான் எழுதியவை நண்டுத் தீவுக்குப் படகில் போன கதையும், மோரிப் கடற்கரையில் மழையில் மாட்டிக்கொண்ட கதையும்தான். இது அப்படிப்பட்ட பயணம் இல்லை. நேற்றும் இன்றும் அப்பாவை அழைத்துக்கொண்டு கோலாலம்பூரில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போய்வந்தேன். போகும்போது இரண்டு பேர் போனோம். திரும்பி வந்தது நான் மட்டும். பயப்படாதீர்கள், அப்பா வார்டில் இருக்கிறார். பயப்படுவது நான்தான்.

கிளம்புவதற்கு முன் கைப்பேசியில் நிறையத் தேடினேன். ஈரல் மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவரைக் கூட்டமான ரயிலில் எப்படி அழைத்துப் போவது, வெளியில் எதைச் சாப்பிடக் கொடுப்பது, எங்கே தங்குவது என்று தமிழில் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். இந்தப் பக்கம் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா தூங்கிவிட்டார். போர்வைக்குள் வைத்துத் தட்டுவதால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் பின்கதை. நான் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்து படிவம் ஒன்றில் இருந்தபோது அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. ஈரல் முழுவதும் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்ததால் கட்டியை மட்டும் வெட்ட முடியாது, ஈரலையே மாற்ற வேண்டும் என்றார்கள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். அவர்தான் தன் ஈரலில் பெரும்பகுதியை வெட்டிக் கொடுத்தார். மிச்சம் இருப்பது வளர்ந்துவிடும் என்று டாக்டர்கள் சொன்னபோது, "அப்போ ரெண்டு தடவ குடுக்கலாம் போல லா" என்றவர் அவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, என் ஈரல் எப்படி இருக்கு? பத்திரமா வச்சிருக்கீங்களா?"

"வாடகை கேக்காம இருந்தா பத்திரமா இருக்கும்டா," என்பார் அப்பா.

போன மாதம் எடுத்த ஸ்கேனில் அந்தப் புதிய ஈரலில் ஒரு புள்ளி தெரிந்தது. புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சித்தப்பாவிடம் மட்டும் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. வழக்கமான சோதனைக்குப் போகிறோம் என்றே சித்தப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

நேற்றைய பயணம் எதற்கென்றால், அந்தப் புள்ளி ஒன்றாகவே நிற்கிறதா, வேறு இடத்துக்கும் பரவிவிட்டதா என்று பார்ப்பதற்கு. ஒன்றாக இருந்தால் தோலுக்கு மேலிருந்து ஊசியைச் செலுத்திச் சூட்டால் பொசுக்கிவிடலாம். பரவியிருந்தால் அந்த வழி மூடிவிடும், மாத்திரை கொடுத்துத் தள்ளிப்போடப் பார்ப்பார்கள். எப்போதும் அம்மாதான் கூடப் போவார். இந்த முறை அம்மாவுக்குக் காய்ச்சலும் இருமலும். ஈரல் மாற்றியவர்களுக்கு, உடம்பு அந்த ஈரலை அந்நியமாக நினைத்துத் தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுப்பார்கள். அதனால் மற்றவர்களின் சாதாரணச் சளிகூட அவர்களுக்கு ஆபத்து. அம்மா தன் அறைக்குள் இருந்தபடியே, கதவைத் திறக்காமல், எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். பள்ளி விடுமுறையாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

விடியுமுன் கிள்ளான் நிலையத்துக்குப் போய்விட்டோம். கோலாலம்பூர் சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். சில நாள் அதற்கு மேலும் ஆகும். கட்டணம் காரில் போவதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். ஷா ஆலாமுக்கு அப்புறம் கூட்டம் ஏறும், சுபாங் ஜெயாவில் நிற்கவே இடம் இருக்காது. நடுவில் இருப்பது பெண்கள் பெட்டி, அப்பாவோடு அதில் ஏற முடியாது. கடைசிப் பெட்டியின் கடைசி மூலையில் அவரைச் சன்னல் பக்கம் உட்காரவைத்து நான் வெளிப்பக்கம் உட்கார்ந்தேன். யாராவது இருமினால் முதலில் என் மேல் படட்டும் என்று.

பாடாங் ஜாவா தாண்டும்போது சித்தப்பாவின் குரல் செய்தி வந்தது. அப்பா ஒலியைக் கூட்டியே வைத்தார். "அண்ணே, ஏறியாச்சா? என் ஈரலுக்குச் சன்னல் சீட்டு குடுத்தீங்களா?" எதிரே இருந்த இந்தோனேசிய அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டு, அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் அவர் எப்போதும் கோயில் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருப்பார்.

சென்ட்ரலிலிருந்து மருத்துவமனைக்குச் செயலி வழியாகக் கார் கூப்பிட்டோம். பதினெட்டு வெள்ளி (ரிங்கிட்), நாற்பது நிமிடம். காலையில் சாலை அப்படித்தான், முன்கூட்டியே கிளம்புங்கள். ஓட்டுநர் செந்தூல்காரர். எங்கள் முகக்கவசங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"தங்கச்சி, அப்பாவுக்கு என்ன?"

"ஈரல், அண்ணே. செக்கப்."

"ஈரலா? கீழாநெல்லி குடுத்துப் பாருங்க லா பாஸ். என் மச்சானுக்குக் கண்ணெல்லாம் மஞ்ச கலரு. ஒரே வாரம், எழுந்து தண்ணி அடிக்கப் போய்ட்டான்!"

"அப்ப மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார் அப்பா. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "எங்க வீட்டுப் பின்னாலயே முளைச்சுக் கெடக்கு, பறிச்சுத் தரட்டுமா?" என்றுகூடக் கேட்டார். நல்ல மனிதர். ஆனால் உங்களுக்கும் இப்படி யாராவது சொல்வார்கள், அதனால் எழுதுகிறேன்: ஈரல் மாற்றியவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகையும் குடிக்கக்கூடாது. பம்ளிமாஸ் பழம்கூடக் கூடாது. மருந்து ரத்தத்தில் கூடும், அல்லது குறையும். சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி கொடுத்த பம்ளிமாஸ் முழுவதையும் நானும் அம்மாவும்தான் தின்று தீர்த்தோம்.

இன்னொரு முக்கியமான விஷயம். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில், ரத்தம் எடுக்கும்வரை காலை மாத்திரையைப் போடக்கூடாது. கையோடு கொண்டுபோய், எடுத்து முடிந்ததும் போட வேண்டும். அப்பா ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்து வந்ததும் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். எப்போதும் போல இரண்டு கேப்சூலை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி விழுங்கினார். ஏன் திரும்பினார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஸ்கேனுக்கு உடை மாற்றச் சொன்னார்கள். சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மடித்து வைக்கும்போது பையிலிருந்து பொட்டலம் நழுவி மடியில் விழுந்தது. கை பட்டதும் தெரிந்துவிட்டது. திருநீறு அப்படிக் கடினமாக இருக்காது. பிரித்தேன். உள்ளே கேப்சூல்கள். திருநீற்றுத் தூள் ஒட்டிக்கொண்டு, ஒரு கைப்பிடி அளவுக்கு இருந்தன.

அந்த மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று எங்கள் வீட்டில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று மூன்று கைப்பேசியில் அலாரம் வைத்திருக்கிறோம். ஸ்கேன் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புள்ளி பரவியிருக்கக்கூடாது என்று அதுவரை வேண்டிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் எதை வேண்டுவது என்றே தெரியவில்லை. பொட்டலத்தை முன்பு இருந்த மாதிரியே மடித்துப் பைக்குள் வைத்தேன்.

டாக்டரைப் பார்ப்பது மறுநாள்தான் என்பதால் இரவு பிரிக்பீல்ட்ஸில் தங்கினோம். தொண்ணூறு வெள்ளி அறை, இரண்டு கட்டில், சன்னலைத் திறந்தால் ரயில் சத்தம். பிரிக்பீல்ட்ஸில் தங்குவதில் ஒரு வசதி, சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம், நம் சாப்பாடு எந்த நேரமும் கிடைக்கும். ஆனால் வேகவைக்காத சட்னியும் பச்சை வெங்காயமும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண் முன்னால் சுட்டுத் தரும் தோசையும் கொதிக்கிற சாம்பாரும் போதும். வரும் வழியில் செண்டோல் என்ற ஐஸ் பானக் கடை முன்னால் அப்பா நின்றுவிட்டார்.

"ஒரு வாய் லா."

"ஐஸ்ப்பா. என்ன தண்ணில செஞ்சாங்களோ."

"நீ உங்கம்மாவவிட மோசம்."

மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மாலைகளும் பூவும் பாட்டுக் கடைகளுமாக அந்தத் தெரு முழுவதும் வெளிச்சம். நான் அவர் சட்டைப்பையை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஒன்பது மணி அலாரம் அடித்தது. அப்பா இரண்டு கேப்சூலை எடுத்தார், சன்னல் பக்கம் திரும்பினார், தண்ணீர் குடித்தார்.

"அப்பா, கையக் காட்டுங்க," என்றேன்.

"என்ன கையி?"

"காட்டுங்கப்பா."

விரலிடுக்கில் ஒன்று இருந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை, போடவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தார். போன முறை டாக்டர் சொன்னதை எனக்கு விளக்கினார். இந்த மருந்து புது ஈரலைக் காப்பாற்றுகிறது. ஆனால் உடம்பின் காவலைத் தூங்கவைத்துவிடுவதால் புற்றுநோய்க்கும் வசதியாகிவிடுகிறது. இதைக் குறைக்க வேண்டி வரும். அப்படித்தான் டாக்டர் சொன்னாராம். அடுத்த சோதனைவரை காத்திருக்க அப்பாவால் முடியவில்லை.

"அதான் நானே பாதியா கொறச்சேன். புத்து பட்டினி கெடந்து சாகட்டும்னு. தம்பி வயித்த அறுத்துக் குடுத்தது, மா. அத இந்தப் புத்து தின்னுக்கிட்டிருக்கு. நான் பாத்துக்கிட்டு சும்மா இருக்கவா?"

"மருந்தக் கொறச்சா ஈரலே கெட்டுப்போகும்பா. சித்தப்பா குடுத்ததுதான் போகும்."

"ஸ்கேன்ல நல்ல சேதி வரட்டும், நானே டாக்டர்கிட்ட சொல்றேன். நீ வாயத் தொறக்காத. என்ன?"

கேப்சூல்களை ஏன் வீசவில்லை என்று கேட்டேன். "மருந்த எப்படி வீசறது, சாமி பொருள் மாதிரி" என்றார். கையில் இருந்ததை என் கண் முன்னால் விழுங்கினார். தூங்கியும்விட்டார். நான் அவர் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டதா என்று பார்க்க முடியாமல், அவர் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை எங்கள் எண் வர பதினொன்றரை ஆகிவிட்டது. கிளினிக் நாளில் மதியம்வரை ஆகும் என்று நினைத்துக்கொண்டு போங்கள். போத்தலும் சார்ஜரும் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் எடுத்துப்போங்கள், உள்ளே குளிர்சாதனத்தில் பல் கிட்டிவிடும். டாக்டர் ஒரு பெண்மணி. அப்பாவிடம் மலாயிலும் என்னிடம் ஆங்கிலத்திலும் பேசினார். நல்ல சேதியை முதலில் சொன்னார். புள்ளி ஒன்றுதான். இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறியது. நுரையீரலில் ஒன்றும் இல்லை, எலும்பில் ஒன்றும் இல்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரத்தச் சோதனையில் ஈரலின் அளவுகள் ஏறியிருக்கின்றன, மருந்தின் அளவு மிகவும் கீழே இருக்கிறது என்றார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

"மாக்கான் செமுவா, டொக்டர்," என்றார் அப்பா. எல்லாம் சாப்பிடுகிறேன் என்று. தானே சொல்வதாக நேற்றுச் சொன்னவர். நல்ல சேதியும் வந்தாயிற்று. நான் காத்திருந்தேன். அவர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் மருந்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

நான் அப்பாவின் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கவில்லை. பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தேன். திருநீறு கொஞ்சம் விசைப்பலகைமேல் கொட்டியது.

டாக்டர் திட்டவில்லை. கேப்சூல்களையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "குறைக்க வேண்டும் என்று நான் சொன்னது உண்மை. இதைக் குறைக்கும்போது இன்னொரு மருந்தை மெல்ல ஏற்றுவோம். ஒவ்வொரு அடிக்கும் ரத்தம் பார்ப்போம். நீங்கள் குறைத்தபோது யாருமே பார்த்துக்கொண்டிருக்கவில்லை." உடம்பு ஈரலைத் தாக்க ஆரம்பித்திருக்கலாம். உடனே வார்டில் சேர்த்து, ஊசியால் ஈரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்து, நரம்பு வழியாக மருந்து கொடுக்க வேண்டும். அந்தத் தாக்குதல் அடங்கிய பிறகுதான் புள்ளியைப் பொசுக்க முடியும்.

எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புது ஊசி ஒன்று இருக்கிறதாமே, அதைப் போட முடியாதா என்று கேட்டேன். மற்றவர்களுக்கு அது நல்ல மருந்து, ஆனால் ஈரல் மாற்றியவர்களுக்கு அது தூண்டிவிடும் காவல் ஈரலையே அடித்துவிடலாம், அதனால் மிகவும் யோசித்துத்தான் போடுவோம் என்றார். தாக்குதல் அடங்காவிட்டால் என்று கேட்டேன். "முதலில் இதைப் பார்ப்போம்," என்றார்.

வார்டில் படுக்கை கிடைக்க நான்கு மணி ஆயிற்று. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பும்போது மட்டும், "சித்தப்பாகிட்ட சொல்லிடாத மா," என்றார். கோபமாக இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அதுதான் மோசமாக இருந்தது.

திரும்பும் ரயில் கூட்டத்தில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். பெடாலிங் வரை நின்றுகொண்டே அழுதேன். ஒரு மலாய் மாக்சிக், வயதான அம்மா, எதுவும் கேட்காமல் ஒரு திசுத்தாள் கட்டை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப்போனார். இரவு எட்டு மணிக்குக் கிள்ளான். அம்மாவால் வெளியே வர முடியாததால் சித்தப்பா மோட்டாரோடு நின்றுகொண்டிருந்தார்.

"எங்க உங்கப்பா? என் ஈரல விட்டுட்டு நீ மட்டும் வந்துட்டியா?"

வழக்கம்போல நான் சிரிப்பேன் என்று பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். புள்ளியை, பொட்டலத்தை, வார்டை, எல்லாவற்றையும். பயணிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சித்தப்பா தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அதன் உட்புறத்தைப் பார்த்தார்.

"நான் கேக்கும்போதெல்லாம் அவருக்கு இப்படித்தான் இருந்துச்சா?" என்றார். "கடன்காரன் வாசல்ல வந்து நிக்கிற மாதிரி? நான் சும்மா கேலி பண்ணேன் லா. குடுத்தது குடுத்ததுதான், மா. அது எப்பவோ அவரோடதாயிடுச்சு."

பிறகு காலையில் முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இப்போது எங்கள் கூடத்தில் படுத்திருக்கிறார். லோரிக்கு விடுப்புச் சொல்லியாயிற்று.

உங்களில் யாராவது இதே பயணம் போவதாக இருந்தால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதல் ரயிலில் போங்கள். ஒரு நாள் மாற்றுத்துணி எடுத்துப்போங்கள், திடீரென்று வார்டில் சேர்ப்பார்கள். எல்லா மருந்தையும் டப்பாவோடு கொண்டுபோங்கள். மருந்தைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னால், யார் குறைப்பது, எப்போதிலிருந்து என்று அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள். மாத்திரை போடும்போது அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், ஏன் என்று கேளுங்கள். தாக்குதல் அடங்குமா, புள்ளியைப் பொசுக்க முடியுமா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. அப்பா என்னை மன்னிப்பாரா என்றும் தெரியாது.

ஒன்பது மணி அலாரம் அடித்தபோது சித்தப்பா எங்கள் குடும்பக் குழுவில் குரல் செய்தி ஒன்று அனுப்பினார். இரண்டு தடவை பேசி அழித்துவிட்டு மூன்றாவது தடவைதான் அனுப்பினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, உங்க ஈரல் எப்படி இருக்கு?"

சித்தப்பா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பிறகு அப்பாவிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. முதல் படத்தில் அவர் உள்ளங்கையில் இரண்டு கேப்சூல். இரண்டாவதில் அதே உள்ளங்கை, விரல்களை நன்றாக விரித்து, ஒன்றும் இல்லாமல்.